மூத்தவளுக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

உன் தங்கையின் திருமணம் கர்த்தருடைய கிருபையால் நல்லபடியாக நடந்து முடிந்தது. வேலையின் காரணமாக உன்னால் வர முடியவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்டவர்களிடம் நானும் அதையே சொன்னேன், அதற்கு மேல் உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. நீ அனுப்பிய வாழ்த்து அட்டையில் அவள் பெயரை அவ்வளவு அழகாக எழுதிவிட்டு, உன் பெயரை மட்டும் மூலையில், இடம் இல்லாமல் செருகியதைப்போலப் பொடி எழுத்தில் எழுதியிருந்தாய். அட்டையில் இடம் நிறையவே இருந்தது. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம் முழுவதும் தன் பெயரையே எழுதி நிரப்பி, ஆசிரியையிடம் திட்டு வாங்கிய பெண் நீ. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இரவில் வெகுநேரம் விழித்துக்கொண்டிராதே.

சில நாட்களாக, தங்கை ராகேலோடு ஒரே புருஷனான யாக்கோபுக்கு வாழ்க்கைப்பட்ட லேயாளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளும் மூத்தவள் என்பதால் சொல்கிறேன் என்று உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், வேதத்தில் ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பார். அவளுடைய கண்கள் கூச்சப்பார்வை, ராகேலோ ரூபவதி என்று ஒரே வசனத்தில் அக்காளையும் தங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்துவிட்டார்கள். ரூபன் பிறந்தபோது, கர்த்தர் என் சிறுமையைப் பார்த்தார், இனி என் புருஷன் என்னை நேசிப்பார் என்றாள். லேவி பிறந்தபோது, இனி என்னோடு சேர்ந்திருப்பார் என்றாள். பெற்ற பிள்ளைகளையெல்லாம் தன் மதிப்புக்குச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தியும் யாக்கோபின் மனம் அசையவில்லை. நான்காவதாக யூதா பிறந்தபோதுதான், புருஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்" என்றாள். தாவீதும் நம்முடைய ஆண்டவரும் அந்த யூதாவின் வம்சத்தில்தான் வந்தார்கள். பிரசங்கங்களில் பெரும்பாலும் இதோடு முடித்துவிடுவார்கள். எனக்கோ அதற்கு அடுத்த அதிகாரம்தான் முக்கியமாகப் படுகிறது. அதே லேயாள் மறுபடியும் தங்கையோடு போட்டிக்கு நிற்கிறாள். பிள்ளைப்பேறு தரும் என்று அக்காலத்தில் நம்பப்பட்ட தூதாயீம் கனிகளுக்காக வாக்குவாதம் செய்கிறாள். ஆறாவது மகன் பிறந்த பிறகும், இப்பொழுதாவது புருஷன் என்னோடு இருப்பார் என்று கணக்குப் போடுகிறாள். கர்த்தர் தன்னைப் பார்த்தார் என்று முதல் பிள்ளையிலேயே சொன்னவளுக்கே அது மறந்துபோயிற்று. ஆகையால் உனக்கு மறந்துபோவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நான் சொன்னதையே திரும்பச் சொன்னால் நீயும் சலித்துக்கொள்ளக் கூடாது.

இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியபோது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து ஒரு சத்தம் உண்டானதை மத்தேயு எழுதுகிறார். அதற்கு முன்பு அவர் ஒரு வியாதியஸ்தனைக் குணமாக்கியதாகவோ, ஒரு சீஷனை அழைத்ததாகவோ அந்தச் சுவிசேஷத்தில் ஒரு வரிகூட இல்லை. செய்த வேலைக்குக் கூலியாகப் பிதாவின் பிரியம் வரவில்லை; வேலை தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. அடுத்த அதிகாரத்திலேயே சோதனைக்காரன் வந்து, "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று ஆரம்பித்து, கற்களை அப்பமாக்கிக் காட்டச் சொல்கிறான். நீ யார் என்பதை நிரூபித்துக் காட்டு என்கிற அந்தக் குரல் உன் காதிலும் விழுந்துகொண்டிருக்கிறதோ என்றுதான் நான் பயப்படுகிறேன். நீ வாங்கிய பதக்கங்களை அப்பா இன்றைக்கும் துடைத்துத் துடைத்து வைக்கிறார். எனக்கும் அவற்றில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவற்றில் ஒன்றுகூட இல்லாத நாளில், உன்னை ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்த நாளில், நாங்கள் செய்த ஸ்தோத்திர ஜெபத்தைவிடப் பெரிய ஜெபத்தைப் பிறகு ஒருநாளும் செய்ததில்லை.

இதைச் சொல்லும்போது, கண்ணாடியின் முன்னால் நின்று "நான் சிறந்தவள்" என்று சொல்லிக்கொள் என்கிற போதனையை நான் சொல்வதாக நினைத்துவிடாதே. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை; நாமே சொல்லிக்கொள்வது நாம் சோர்ந்துபோகிற நாளில் நம்மோடு சேர்ந்து தானும் சோர்ந்துபோகும். நம்மவர்களில் சிலர் ஜெபத்தில், புழுவும் பூச்சியுமான அடியார் என்று சொல்லிச் சொல்லியே தாழ்மையை நிரூபிக்கப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்காது. "யாக்கோபு என்னும் பூச்சியே" என்று ஏசாயா 41-இல் இருப்பது உண்மைதான், ஆனால் அதே வசனத்தில் "பயப்படாதே" என்றும் இருக்கிறதே.

எலியாவும் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்றார். நான் என் பிதாக்களைப் பார்க்கிலும் நல்லவன் அல்ல என்றார். அத்தனை பெரிய தீர்க்கதரிசியும் தன்னை மற்றவர்களோடு வைத்துத்தான் அளந்திருக்கிறார். அதற்குத் தேவதூதன் ஒரு கண்டிப்பும் சொல்லாமல், தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, அவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவர் மறுபடியும் படுத்துக்கொண்டபோது இரண்டாந்தரமும் வந்து எழுப்பினான். ஆகையால் நன்றாகச் சாப்பிடு, நேரத்தோடு படுத்துக்கொள். தூக்கம் வராமலும் எதிலும் மனம் செல்லாமலும் நாட்கள் போய்க்கொண்டிருந்தால் ஒரு மருத்துவரிடம் போய்ப் பேசு. அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வரச் சொல்.

நீ வராததில் எனக்கு வருத்தம் இருக்கிறது; அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. உன் தங்கையும் கல்யாணத்தன்று முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் உன் மேல் இருக்கிற வருத்தத்தால் நீ எங்களுக்கு ஒரு பிடி குறைந்துபோய்விடவில்லை. எங்களுக்கே அப்படியென்றால், உன்னை என் கர்ப்பத்தில் உருவாக்கியவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். ஆராதனைக்குப் போகிறாயா என்று கேட்கவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. போக மனமில்லாவிட்டால் வீட்டிலேயே 139-ஆம் சங்கீதத்தையாவது எடுத்து, அவசரப்படாமல் வாசி.

பதில் எழுதும்போது வழக்கம்போல "நலம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதே. என் மேலோ, தங்கையின் மேலோ, தேவனின் மேலோ கோபம் இருந்தால் அந்தக் கோபத்தையே எழுது. தாவீது அதைவிடக் கடுமையாகவெல்லாம் எழுதியிருக்கிறார். அப்பா உன் குரலைக் கேட்க வேண்டும் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புள்ள அம்மா