பள்ளித் தோட்டத்துக்கு உங்கள் உதவி வேண்டும்

பெற்றோர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் உட்லண்ட்ஸ் அக்கம்பக்கத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் பிள்ளைகள் அறிவியலைத் தனிப் பாடமாகப் படிக்கத் தொடங்குவது தொடக்கநிலை 3இல். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியும் அங்கே வந்துவிடும்: முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. நான்கையும் ஒப்பித்துவிடலாம். ஆனால் எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கிடக்கும் புழு, வளர வளரப் பச்சையாக மாறுவதையும், சீண்டினால் கொம்பு நீட்டி நாற்றம் விடுவதையும் பார்த்த பிள்ளை சும்மா இருக்காது. "ஏன் அப்படிச் செய்யுது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தோட்டம்.

சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் பள்ளி ஒரு துண்டு நிலம் தந்திருக்கிறது. எலுமிச்சை, வெண்டை, கறிவேப்பிலை, சங்குப்பூ எல்லாம் வைக்கப்போகிறோம். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சைச் சாறு விட்டால் நீலம் ஊதாவாகும். சமையல் சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். அப்புறம், நடுவில் ஒரு கம்பு. நம் சிங்கப்பூர் பூமத்தியரேகைக்கு வடக்கே ஒன்றரை டிகிரிகூட இல்லை. அதனால் நண்பகல் நிழல் ஜூனில் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே விழும். அந்த நிழல் மிகவும் குறுகுவதும் கடிகாரத்தில் ஏறத்தாழ 1 மணிக்குத்தான். ஏன் 12 மணிக்கு இல்லை என்று பிள்ளைகளே அளந்து கண்டுபிடிக்கட்டும்.

இதற்கு 4,800 வெள்ளி தேவை. பெரும்பங்கு, உயர்த்திக் கட்டும் பாத்திகளுக்குப் போகும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் மண்ணில் கைவைக்க வேண்டும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதில் குழுவில் எல்லாருக்கும் ஒரே கருத்து. மீதியில் உருப்பெருக்கிக் கண்ணாடிகள், வெப்பமானிகள், மண், மக்கு உரத்தொட்டி. தண்ணீர்த் தொட்டிக்கு வலைமூடியும் உண்டு, டெங்கிக் கொசுவுக்கு இடம் கொடுக்க முடியாது.

ஐந்து வெள்ளி கொடுத்தாலும் மனமார ஏற்றுக்கொள்வோம். பேநவ் (மின்வழிப் பணம் அனுப்பும் சேவை), காசோலை விவரங்களைப் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை. வீட்டு வாசலில் வளரும் கறிவேப்பிலையில் ஒரு கன்று தாருங்கள், அல்லது ஒரு சனிக்கிழமை காலை மண் அள்ள வாருங்கள். ஊரில் வெண்டை போட்டு வளர்த்த தாத்தா பாட்டிமார் வந்தால் எங்களுக்குப் பெரிய பலம்.

மே மாத இறுதிக்குள் தொகை சேர்ந்தால் ஜூன் விடுமுறையிலேயே பாத்தி கட்டிவிடலாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

அன்புடன்,
தோட்டக் குழு, பெற்றோர் ஆதரவுக் குழு