பந்தலுக்கு நான் ஏன் போனேன்

அன்புள்ள மகளுக்கு,

ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கவேண்டிய நான் எதற்காகப் போராட்டப் பந்தலில் போய் உட்கார்ந்தேன் என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாய். அப்போது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

எல்லாவற்றையும் படித்துத் தெளிந்த பிறகே மக்கள் போராட வருகிறார்கள் என்று நீ நினைக்கிறாய். நான் பார்த்தவரை அப்படி வந்தவர்கள் மிகச் சிலர். மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் எரிவாயு எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக வந்து பேசிய 2013ஆம் ஆண்டில், தெற்குத் தெருவிலிருந்து நடவுக்குப் போகும் அக்கா நம் வாசலில் வந்து நின்று, "டீச்சர், நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார். அத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் எதையுமே கேட்டதில்லை என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. நிலக்கரிப் படுகையில் உள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் அந்த வாயு வெளியே வரும் என்பதும், அப்படி இறைத்தால் நம் நிலத்தடி நீர் கீழே போய்க் கடல்நீர் உள்ளே ஏறிவிடும் என்று எல்லோரும் ஏன் அஞ்சினார்கள் என்பதும், பந்தலில் உட்கார்ந்த பிறகே எனக்கு விளங்கின.

அந்த அக்காவுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. பந்தலுக்கு வந்தால் அன்றைய கூலி போகும். வழக்குப் போட்டால் ஜாமீன் எடுக்க ஆளில்லை. ஆனாலும் வந்தார். 2012இல் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படாமல் செப்டம்பர் வரை தள்ளிப்போய்க் குறுவை நெல் சாகுபடி இல்லாமல் போனபோது, நம் ஊரில் நிலம் உள்ளவர்களின் நஷ்டத்தைத்தான் எல்லோரும் பேசினோம். அவருடைய அடுப்பைப் பற்றி நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. உன் தாத்தா காலத்தில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் போகவேண்டும். போகாத வீட்டை யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர் முகத்தை அப்புறம் நிமிர்ந்து பார்க்க முடியாது. 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடிய நெடுவாசலுக்கு நம் ஊரிலிருந்து வேன் பிடித்துப் போனவர்களைப் போகவைத்ததும் அந்தப் பழக்கம்தான் என்று நம்புகிறேன்.

2020 பிப்ரவரியில், டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. முன்பே தோண்டிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தொடவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது அந்த அக்கா வீட்டுக்குச் சேர்ந்தே போவோம். உன் கேள்வியை அவரிடமும் கேள்.

அன்புடன்,
அம்மா