மேலகிரிக் காட்டுக்கு வரவிருக்கும் தோழிக்கு

பென்னாகரம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு நீ விரும்பிய பள்ளியிலேயே இடம் கிடைத்துவிட்டது என்பதையும், முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை என்பதையும் படித்து மகிழ்ந்தேன். இங்கே இருவரும் நலம். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் தோட்டமே கதி என்று இருக்கிறார்.

தை மாதத்தில் குடும்பத்தோடு ஒகேனக்கலுக்கு வருவதாகவும், அருவியோடு திரும்பிவிடாமல் மேலகிரி மலைக் காட்டையும் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். கூடவே, "வீரப்பன் இருந்த காடுதானே, பயமில்லையா?" என்றும் கேட்டிருக்கிறாய். வெளியூரிலிருந்து யார் எழுதினாலும் முதலில் கேட்பது இதைத்தான். அவர் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டது 2004 அக்டோபர் 18 அன்று. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் கல்லூரியை எட்டிவிட்டார்கள். அந்த ஆண்டுகளில் காட்டோர ஊர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று என்பது உண்மைதான். ஆனாலும், ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாறு உள்ள ஒரு காட்டைச் சில பத்தாண்டுக் கதைக்குள் அடைத்து வைத்திருக்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

நீ 'மனிதர் கால் படாத ஆதிக்காடு' என்று எழுதியிருப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, அங்கே இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. இரும்பு உருக்க மரக்கரி வேண்டும், மரக்கரிக்கு மரம் வேண்டும். ஆகவே நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்து மரங்கள் கோடரியை அறிந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். வெட்டப்பட்டும் மீண்டும் தழைத்தும் வந்த காடு இது.

அதே மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் மோரல் பாறை என்ற குன்று இருக்கிறது. முழங்கால் இடம் கொடுத்தால் அதை நீ பார்த்தே ஆக வேண்டும். பெருங்கற்காலத்து மக்கள் இறந்தோருக்காக எழுப்பிய கல்திட்டைகள் அந்தப் பாறை மேல் கூட்டமாக நிற்கின்றன. நான்கு புறமும் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை. வெளியே, தலைப்பக்கம் அரைவட்டமாகச் செதுக்கிய உயரமான பலகைகளைச் சுற்றுச்சுவர் போல நட்டிருக்கிறார்கள். அந்த மூடுகல்லை எப்படித் தூக்கி வைத்தார்கள் என்ற கேள்விக்கு ஊரார் வைத்திருக்கும் விடை, இவை பாண்டவர் வனவாசத்தில் கட்டிய வீடுகள் என்பது. பீமன் ஒருவன் இருந்துவிட்டால் எந்தக் கல்லும் கனமில்லை அல்லவா!

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கவும் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடு. ஆநிரை கவர்ந்த பூசலிலும் மீட்ட பூசலிலும் விழுந்தவர்களுக்கு நட்ட கற்களே மிகுதி. நம் பக்கத்தில் புலியோடு பொருது இறந்தவனுக்கு நட்ட புலிக்குத்திக் கற்களும் கிடைக்கின்றன. மாடும் மனிதனும் புலியும் ஒரே காட்டை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதை இந்தக் கற்கள் சொல்லுமளவுக்கு வேறெதுவும் சொல்வதில்லை. காவிரிக் கரையிலுள்ள ஆலம்பாடியின் பெயர் தாங்கிய ஆலம்பாடி மாட்டினம், காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்து வளர்க்கப்பட்ட உழவு மாட்டினம்தான். இன்று அது அருகிவிட்டது.

இனி விலங்குகளுக்கு வருகிறேன். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014ஆம் ஆண்டில், சுமார் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது. 2022 நவம்பரில், அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரிப் பக்கத்துக் காப்புக் காடுகளைச் சேர்த்து, சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அது தமிழகத்தின் பதினேழாவது வனவிலங்குச் சரணாலயம். ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம், அதைத் தொட்டு மலை மாதேசுவரன் மலை, பிலிகிரிரங்கன் மலை என்று காடு அறுபடாமல் நீலகிரி வரை போகிறது. யானைக்கு வேண்டியது இந்த அறுபடாமைதான்.

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி வரும். ராகி கதிர் முற்றும் பருவம் அது. பரண் மேல் கண்விழித்துக் காவலிருக்கும் விவசாயியிடம் யானையின் பெருமையைப் பேசிப் பார், அவர் தரும் பதில் உனக்குப் பிடிக்காது. அவர் பக்கத்து நியாயத்தையும் என்னால் தள்ள முடியவில்லை. 1980களில் ஓசூர் பக்கத்து யானைகள் சில இன்னும் வடகிழக்கே நடந்து, நெடுங்காலமாக யானையே இல்லாதிருந்த ஆந்திரத்துச் சித்தூர்க் காட்டில் போய்க் குடியேறின. அவற்றுக்காகவே 1990ஆம் ஆண்டில் அங்கே கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. காட்டுக்குள் உண்ணிச்செடி புதராக மண்டிப் புல்லை அழித்துவிடுவதும் யானைகள் வயலை நாடி வர ஒரு காரணம்.

யானையும் சிறுத்தையும் கண்ணில் படுமா என்று பேரன் கேட்பான். உறுதி சொல்லாதே. நான் அவனுக்குக் காட்ட விரும்புவது சாம்பல் நிற மலை அணிலை. நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணிலை மறந்துவிடு; இது வாலோடு சேர்த்து இரண்டரை அடி வரும். முதுகு நரை கலந்த பழுப்பு, உச்சந்தலை கறுப்பு, மூக்கு இளஞ்சிவப்பு. காவிரிக் கரையில் வரிசையாக நிற்கும் நீர்மருத மரங்களிலும் புளிய மரங்களிலும்தான் இங்கே அதன் குடித்தனம். கிளைக் கவட்டில் சுள்ளியும் இலையுமாகக் கூடு கட்டும். ஒன்றோடு நிற்காது, பல கட்டி வைத்துக்கொள்ளும். பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கைகளில் காயை ஏந்திச் சாவகாசமாகக் கொறிக்கும். கீழே சக்கை உதிர்ந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும். அது தரையில் இறங்குவது அபூர்வம் என்பதால், கரையோர மரம் ஒன்று விழுந்து மேலே கிளைத் தொடர்பு அற்றுப்போனால் அதன் வழியே அடைபட்டுவிடும். ஒகேனக்கலுக்கு வருகிறவர்கள் எண்ணெய்த் தேய்ப்பிலும் மீன் வறுவலிலும் மும்முரமாக இருந்துவிட்டு, தலைக்கு மேலே பட்டை உரிந்து வழவழவென்று வெளுத்து நிற்கும் மருதத்தை ஏறிட்டும் பாராமல் போய்விடுகிறார்கள். அதே ஆற்றில் நீர்நாய்களும் முதலைகளும் இருக்கின்றன என்பதைப் பரிசலில் ஏறும்போது உன் மருமகளிடம் சொல்ல வேண்டியதில்லை.

பயணத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் இங்கே வந்து தங்குங்கள். மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஆற்றோரம் போகலாம். நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அதை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்ள வேண்டும். பிறகு தேன்கனிக்கோட்டை வழியாக அய்யூருக்குப் போய், வனத்துறை விடுதியில் ஓர் இரவு தங்கலாம். தையில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும், கம்பளியும் காதுக்குக் குல்லாவும் அவசியம். விடுதிக்கு முன்பதிவு செய்ய வேண்டும்; சரணாலயத்தின் உள்பகுதிக்கு அனுமதியில்லாமல் போகக் கூடாது. யானைகள் நடமாடும் பருவம் என்பதால் மாலை மங்குவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதை உன் மகனிடம் இப்போதே சொல்லி வை. எத்தனை பேர், எந்தத் தேதி என்று உடனே எழுதினால் அவரை விட்டுப் பதிவு செய்யச் சொல்கிறேன்.

அன்புடன்,
மங்கை