மழை இறங்காத கூரை, அழியாத எழுத்து: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கோயில் திருப்பணி நிறைவடைந்து, குடமுழுக்கும் நல்லபடியாக நடந்தேறியது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைத் தனித் தாளாக இத்துடன் இணைத்திருக்கிறோம். பொறுமையாகப் படித்துவிட்டு, கேட்க வேண்டியதைப் பேரவையில் கேளுங்கள். எந்த வேலையை எதற்காகச் செய்தோம், எதை ஏன் வேண்டாம் என்றோம் என்பதை உங்களிடம் சொல்லத்தான் இந்த அறிக்கை.

முதல் கூட்டத்தில் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தத் திருப்பணி எதுக்கு?" ஆளுக்கொரு பதில் வந்தது. பன்னிரண்டு வருஷம் முடிந்துவிட்டது, கோபுரம் நிறம் மங்கிவிட்டது, பிரகாரத்துக்குப் பளபளவென்று கல் போட வேண்டும். கடைசியில் குருக்கள் சொன்னார்: "மழை பெய்தால் அர்த்த மண்டபத்தில் வாளி வைத்துக்கொண்டுதான் பூஜை பண்ணுகிறேன்." பேச்சு அங்கே நின்றது. அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதினோம்: "கூரையில் மழை இறங்கக் கூடாது, கல்லில் உள்ள எழுத்து ஒன்றுகூட அழியக் கூடாது." அடுத்து வந்த ஒவ்வொரு கூட்டத்திலும் குறிப்பின் முதல் வரியாக அதையே எழுத வைத்தார் தலைவர். இவ்வளவு சின்ன நோக்கமா என்று எங்களில் சிலருக்கே அப்போது மனம் ஒப்பவில்லை. ஆனால் பிறகு நடந்ததை எல்லாம் அந்த ஒரு வரிதான் வழிநடத்தியது.

முதலில் கூரை. ஒழுகும் இடத்தில் மேலே இன்னொரு பூச்சு பூசிவிட்டுப் போவதுதான் இதுவரை நடந்த வழக்கம். நோக்கம் மழையைத் தடுப்பது என்றால், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தாக வேண்டும். ஸ்தபதி சொன்னபடி பழைய சிமெண்டுப் பூச்சுகளைப் பெயர்த்தோம். ஒன்றின் மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், கட்டியவர்கள் வைத்த வாட்டம் அப்படியே இருந்தது. அந்தச் சரிவு வடக்கு மூலையில், மழைநீர் வெளியேற வைத்த ஒரு கல் தூம்பில் போய் முடிந்தது. தூம்பின் வாயைச் சிமெண்டு அடைத்திருந்தது. உளியால் மெல்லத் தட்டித் திறந்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூடத் தேங்காமல் வெளியே ஓடியது. ஸ்ரீரங்கத்தில் பிற்காலக் கட்டுமானங்களை நீக்கிப் பழைய மழைநீர் வடிகால்களை மீட்டதும் அங்கே நடந்த பணியில் ஒரு பகுதி. அந்தப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. முன்னோர் செய்து வைத்ததைக் கண்டுபிடிப்பதும் திருப்பணிதான் என்று நமக்கும் அன்று புரிந்தது.

புதுத் தளத்துக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையையே பயன்படுத்தினோம். சிமெண்டு உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. காரை விடும். ஆனால் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும். குடமுழுக்குத் தேதி தள்ளிப்போனது இதனால்தான். வெளியூரிலிருந்து வர டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம். காரைக்கு இவ்வளவு நாள் பிடிக்கும் என்று முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லாதது எங்கள் தவறு, அதற்கு வருந்துகிறோம். தேதிக்காகக் காரையை அவசரப்படுத்தாமல் இருந்ததற்கு மட்டும் வருத்தமில்லை.

அடுத்தது சுவர். ஒரு ஒப்பந்ததாரர், மணல் வீசும் இயந்திரத்தால் சில நாட்களில் கல்லைப் புதிது போல ஆக்கித் தருவதாகச் சொன்னார். செலவும் குறைவு. தலைவர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து முதல் வரியைப் படித்தார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, குடவோலையில் ஆள் எடுத்த முறையை அவை சொல்கின்றன: வயது 35க்கு மேல், 70க்குள், பொறுப்பு 360 நாள், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர்கள். அந்தச் சுவரை யாராவது மணல் வீசித் தேய்த்திருந்தால் இது நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நம் சுவரை வெறும் தண்ணீராலும் நார் பிரஷ்ஷாலும்தான் கழுவினோம்.

இங்கே ஒரு நாள் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தெற்குச் சுவரில் வெள்ளையடித்த பூச்சு தடிமனாக ஏறியிருந்தது. அன்று கமிட்டியில் யாரும் அங்கே இல்லை, ஸ்தபதியும் வெளியே போயிருந்தார். சுரண்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், பூச்சுக்கு அடியில் ஒரு வளைவு தெரிந்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டார். கூட இருந்தவர்களையும் நிறுத்தச் சொல்லி, எங்களுக்குப் போன் செய்தார். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தபோது "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கும் கல்வெட்டு வரி தெரிந்தது. எப்படி நிறுத்தத் தோன்றியது என்று கேட்டோம். "எழுத்து அழியக் கூடாதுன்னு முதல் நாளே தலைவர் சொன்னாருல்ல" என்றார். வேலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், காரை கலக்குபவர் வரை, தலைவர் தானே போய் அந்த வரியைச் சொல்லியிருக்கிறார் என்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிரகாரத்துக்கு வழவழப்பான கல் போட்டுத் தர ஒரு அன்பர் முன்வந்தார். தரையை உயர்த்தினால் அடித்தளத்தின் கீழ்வரி எழுத்துகள் புதைந்துபோகும். அவரிடம் நேரில் போய் விளக்கினோம். அவர் மனம் வருந்தியது உண்மை, அந்த நன்கொடையும் வரவில்லை. கோபுரத்தில் முளைத்திருந்த ஆல், அரசுச் செடிகளை வேரோடு எடுத்தாகிவிட்டது. வண்ணப் பூச்சு, மின் இணைப்பு முதலிய மற்ற பணிகள் இணைப்பில் உள்ளன.

குடமுழுக்குக்குப் பிறகு வந்த முதல் பெருமழையன்று இரவு, நாங்கள் சிலர் அர்த்த மண்டபத்தில் டார்ச்சோடு நின்றோம். கூரையில் ஒரு இடத்திலும் கசிவு இல்லை. வெளியே தூம்பிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. குருக்கள் வாளியை எடுத்துக்கொண்டு போய் மடைப்பள்ளியில் வைத்தார்.

இனி ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் அந்தத் தூம்பில் சேரும் சருகை அள்ள வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. வருகிற பேரவையில் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி