நர்சிங் கல்லூரி நிர்வாகத்தாருக்கு: நிபந்தனையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்

எங்கள் பக்கத்து நர்சிங் கல்லூரிகளை நடத்துகிறவர்களுக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

என் அக்கா மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக் கடிதம் வந்தது. மச்சான் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்க்கிறவர், விரலெல்லாம் சிமென்ட், தொட்டால் அழுக்காகிவிடும் என்று என்னைப் பிரித்துக் காட்டச் சொன்னார், அன்று சாயங்காலமே தெரு முழுக்க இடம் கிடைத்துவிட்டதென்று சொல்லியும் விட்டார். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி இருந்தது. சேர்க்கை தற்காலிகம்தான், கேட்ட சான்றுகள் 30 நாளில் வராவிட்டால் ரத்து.

நிபந்தனை வைப்பதையே நான் குறை சொல்லவில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், சேருகிற வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்திய நர்சிங் கவுன்சில் விதி. நோயாளி பக்கத்தில் நிற்கப்போகிற பிள்ளையிடம் தடுப்பூசிச் சான்று கேட்பதும் நியாயம். ஆனால் ஹெபடைடிஸ் பி என்கிற கல்லீரல் நோய்க்கான தடுப்பூசி மூன்று ஊசி. முதல் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. குழந்தையில் போட்ட அட்டை தொலைந்துபோன வீட்டில், மூன்றும் போட்ட சான்றை 30 நாளில் எங்கிருந்து கொண்டு வருவது?

நேரில் போய்க் கேட்டால், "முதல் ஊசிச் சீட்டு இருந்தால் இப்போதைக்குப் போதும்" என்கிறார்கள். சரி, அதைக் கடிதத்திலேயே போட்டிருக்கலாமே! அந்த ஒரு வரி தெரியாமல் இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. தைக்கக் கொடுத்த வெள்ளை யூனிஃபார்ம் துணியைத் திருப்பி வாங்கிவிடலாமா மாமா என்று அவள் கேட்டாள்.

டிசி, அசல் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் வரத் தாமதமாவது வேறு, மார்க்கோ உடல் தகுதியோ இல்லாமல் இடமே போவது வேறு. இரண்டையும் ஒரே வரியில் 'ரத்து' என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்ன புரியும்? எது எந்தத் தேதிக்குள் வேண்டும், தாமதமானால் யாரிடம் கேட்பது, ரத்தானால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று தமிழில் ஒரு பக்கம் அடித்துக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். நகையை அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

முதல் ஊசிச் சீட்டோடு திங்கட்கிழமை வருகிறோம். வாங்கிக்கொண்டதற்குத் தேதி போட்டு, கையெழுத்தோடு ஒரு நகல் கொடுங்கள்.