வெடித்த இடம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பிரபஞ்சத்தின் தொடக்கமான பெருவெடிப்பு பற்றிய கட்டுரையில், "1380 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு புள்ளி குண்டுபோல வெடித்தது, அதன் சிதறல்கள் வெற்றிடத்தில் இன்னும் பறக்கின்றன" என்று அச்சாகியிருந்தது. இது தவறு என்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

பல வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவன் நான். இப்படி ஒரு வரியைப் பேப்பரில் படித்துவிட்டு வரும் பிள்ளை முதலில் கேட்பது, "அது வெடிச்ச இடம் எந்தப் பக்கம் சார்?" என்பதுதான். அப்படி ஓர் இடமே கிடையாது. காலியாகக் கிடந்த இடத்துக்குள் விண்மீன் திரள்கள் பாய்ந்து போகவில்லை. அவற்றுக்கு நடுவில் இருக்கும் வெளிதான் விரிகிறது. எந்தத் திரளில் நின்று பார்த்தாலும் தூரத்துத் திரள்கள் நம்மை விட்டு விலகுவதாகத்தான் தெரியும். ஓரிடத்தில் குண்டு வெடித்திருந்தால் அதன் சூடும் ஒரு பக்கமிருந்துதானே வர வேண்டும்? 1965இல் வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் அறிவித்த பின்னணிக் கதிர்வீச்சு, அதாவது பிரபஞ்சத்தின் தொடக்கச் சூட்டின் மிச்சம், வானத்தில் எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய அதே 2.7 கெல்வின் வெப்பநிலைதான். பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பதைவிட, பேப்பரில் வந்ததை மறக்கவைப்பதுதான் கஷ்டம்.

அப்புறம், எல்லாவற்றையும் அமெரிக்க வானியலாளர் ஹப்பிளே கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கட்டுரை வந்தது 1929இல். பெல்ஜியப் பாதிரியார் லெமெய்த்தர் பிரபஞ்சம் விரிகிறது என்று 1927லேயே சொல்லிவிட்டார். சர்வதேச வானியல் ஒன்றியமே 2018இல், தூரம் கூடக்கூடத் திரள்கள் விலகும் வேகமும் கூடும் என்ற விதியை ஹப்பிள்-லெமெய்த்தர் விதி என்று சொல்லுங்கள் எனப் பரிந்துரைத்தது. தூரத்தை அளக்க வழிகாட்டிய செஃபீடு எனும், ஒளி சீராகக் கூடிக் குறையும் விண்மீன்களின் விதியைத் தந்தவர் அமெரிக்க வானியலாளர் ஹென்றியட்டா லெவிட். அந்த அம்மையாரின் பெயரை உங்கள் பத்திரிகையில் நான் பார்த்ததே இல்லை.

இன்று ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தையும் காணோம். விரியும் வேகத்தைப் பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால் ஒரு மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கு விநாடிக்கு சுமார் 67 கிலோமீட்டர். செஃபீடுகளையும், வெடித்துச் சிதறும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களையும் வைத்து அளந்தால் சுமார் 73. ஏன் இந்த வித்தியாசம் என்று இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகளை அறிவியலுக்கு இழுப்பது இந்த மாதிரி விடை தெரியாத கேள்விதான்.

முன்பும் எழுதினேன்; பதில் வரவில்லை. ராசிபலனுக்கு முழுப் பக்கம் தருகிறீர்கள். அறிவியலுக்குக் கிடைப்பது கால் பக்கம், விளம்பரம் வந்தால் அதுவும் போய்விடுகிறது. சிறுவயதிலிருந்து உங்கள் பத்திரிகையைப் படிப்பவன் என்ற உரிமையில்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள், போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருநெல்வேலி