பெரிய வரைபடம் வாங்கச் சொன்ன பிரபுவுக்கு

மகாராஜராஜஸ்ரீ சாலிஸ்பரி பிரபு அவர்கள் சமூகத்திற்கு,

சென்னையிலிருந்து எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வழியில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மேலே போட்டிருக்கும் விளிப்பு, எங்கள் முப்பாட்டன்மார் துரைமார்களுக்கு மனு எழுதும்போது போட்டது. நான் எதையும் வேண்டி எழுதவில்லை. ஆனாலும் அதை விட மனம் வரவில்லை. தாசில்தார், கலெக்டர், கவர்னர், வைசிராய் என்று அந்த மனுக்கள் ஏற வேண்டிய படிகள் எல்லாவற்றுக்கும் மேல்படியில் லண்டனில் ஒரு மேசை இருந்தது. இந்தியா மந்திரியின் மேசை. பிரிட்டனின் பிரதமர் ஆவதற்கு முன் அதில் நீங்கள் இரண்டு முறை உட்கார்ந்தீர்கள்.

எழுத வைத்தது உங்கள் பேச்சு ஒன்று. 1877 ஜூன் 11, பிரபுக்கள் சபை. ரஷ்யாக்காரன் மத்திய ஆசியாவில் இறங்கி வருகிறான், இந்தியாவுக்கு ஆபத்து என்று ஒருவர் பதறுகிறார். நீங்கள் எழுந்து, இந்த மாதிரி பயமெல்லாம் சின்ன வரைபடங்களைப் பார்ப்பதால் வருவது, கொஞ்சம் பெரிய வரைபடமாக வாங்கிப் பாருங்கள் என்கிறீர்கள். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு தேதியை இன்னொரு முறை பார்த்தேன்.

1877 ஜூனில் நாங்கள் தாது வருஷப் பஞ்சத்தில் இருந்தோம். பஞ்சாங்கப்படி தாது முடிந்து ஈசுவர பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பஞ்சம் மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. என் பாட்டி சேலம் பக்கம். சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டால், "தாது வருஷத்தில் அடிபட்டவன் மாதிரி ஏன்டா பறக்கிறாய்?" என்பாள். அவளே அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவள் அல்ல. அவளுடைய பாட்டி சொல்லக் கேட்டு வந்த வசவு.

உங்கள் கதையை உங்களிடமே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனால் இது திறந்த கடிதம். தோளுக்கு மேலே எட்டிப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட் செசிலாக 1830இல் ஹாட்ஃபீல்டு மாளிகையில் பிறந்தீர்கள். முதலாம் எலிசபெத் ராணிக்கு மந்திரியாக இருந்த பர்லி பிரபுவின் வம்சம். மாளிகையைக் கட்டியவர் அவர் மகன். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை ஈட்டன் பள்ளியில் சக மாணவர்கள் அடித்தும் உதைத்தும் அழ வைத்தார்கள். தாங்க முடியாமல் பதினைந்து வயதில் வெளியே வந்துவிட்டீர்கள். விடுமுறையில் லண்டன் போனால் பெரிய தெருக்களில் நடக்க மாட்டீர்களாம், பள்ளிப் பையன் எவனாவது எதிரே வந்துவிடுவானோ என்று சந்து சந்தாகப் போவீர்களாம். இதைப் படித்தபோது உங்கள் மேல் எனக்கு உண்டான பிரியம் இன்னும் போகவில்லை. கீழே எழுதப் போவதையும் மீறித்தான்.

1853இல் ஸ்டாம்ஃபோர்டு தொகுதியில் போட்டியே இல்லாமல் எம்.பி. ஆனீர்கள். அப்படிப்பட்ட தொகுதிகள் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்றே இருந்தன. 1857இல் ஜார்ஜினா ஆல்டர்சன் என்ற நீதிபதி மகளைக் கட்டிக்கொண்டீர்கள். அந்தஸ்து போதாது என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடும்பம் நடத்தப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிச் சம்பாதித்தீர்கள். பிரபு வீட்டுப் பிள்ளை எழுதிப் பிழைத்தார் என்பது எழுதுகிற எனக்கு ஒரு சின்ன ஆறுதல். பேனா கூர்மையாகத்தான் இருந்தது. சொந்தக் கட்சித் தலைவர்களில் ஒருவரான டிஸ்ரேலியையே அது விடவில்லை.

1865இல் அண்ணன் இறந்தார், நீங்கள் வாரிசு ஆனீர்கள். 1866 ஜூலையில், முப்பத்தாறு வயதில், இந்தியா மந்திரி.

மேசைக்கு வந்த உடனே ஒரிசா. பஞ்சம் பெரிதாக இல்லை என்று இங்கிருந்த அதிகாரிகள் எழுதினார்கள், நீங்கள் நம்பினீர்கள். இரண்டு மாதம் எதுவும் செய்யவில்லை. அதற்குள் பருவமழை துறைமுகங்களை அடைத்துவிட்டது, அரிசிக் கப்பல் கரையை அணுக முடியவில்லை. பத்து லட்சம் பேர் செத்தார்கள் என்பது கணக்கு. இதை எதிரிகள் சொல்லி நான் அறியவில்லை. இரண்டு மாதம் சும்மா இருந்தேன், அந்தப் பழியிலிருந்து எனக்கு முழு விடுதலை உண்டு என்று ஒருநாளும் என்னால் நினைக்க முடிந்ததில்லை என்று பிற்காலத்தில் நீங்களே சொன்னீர்கள். எங்களை ஆண்ட துரைமார்களில் இந்த மாதிரி வாயைத் திறந்து சொன்னவர்கள் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. செத்தவர்களை வானத்தின் கணக்கில் எழுதிவிட்டு ஓய்வூதியம் வாங்கப் போனவர்களே அதிகம்.

1867இல் டிஸ்ரேலி ஓட்டுரிமையை விரிவாக்கியபோது பதவியை உதறினீர்கள். ஏழைகளுக்கு ஓட்டு கொடுத்தால் நாடு குட்டிச்சுவராகும் என்பது உங்கள் வாதம். எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கொள்கைக்காக மந்திரி பதவியைத் தூக்கி எறிகிறவரை நாங்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அடுத்த ஆண்டு அப்பா இறந்து, அவருடைய பட்டம் கைக்கு வந்து, சாலிஸ்பரியின் மூன்றாம் மார்க்வஸ் ஆனீர்கள். 1874இல், பிரதமராகிவிட்ட அதே டிஸ்ரேலியின் கீழ், அதே மேசை. அந்த ஆண்டு பீகாரில் பஞ்சம். பர்மாவிலிருந்து அரிசி கப்பல் கப்பலாக வந்தது, அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் தாராளமாகச் செலவு செய்தார், சாவு மிகக் குறைவு. நடக்கக்கூடியதுதான் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனால் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று டெம்பிளைத்தான் திட்டினார்கள்.

மறு ஆண்டு ஒரு குறிப்பு எழுதினீர்கள். இந்தியாவின் ரத்தத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றால், ரத்தம் கட்டியிருக்கும் இடத்தில் கத்தியை வையுங்கள், ஏற்கெனவே சோகை பிடித்த இடத்தில் வைக்காதீர்கள் என்று. எங்கள் மேடைகளில் இதன் முதல் பாதியை மட்டும் எடுத்து உங்களை வறுப்பார்கள். முழுதாகப் படித்தால் குடியானவன் மேல் வரியைக் குறை, பணம் புழங்கும் நகரத்தில் வாங்கு என்று வருகிறது. அந்த அளவுக்கு நியாயம் உங்கள் பக்கம் இருக்கட்டும். எடுத்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை, பாருங்கள்.

இனி தாது.

1876இல் பருவமழை பொய்த்தது. பெல்லாரி, கடப்பை, கர்நூல், சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு எல்லாம் காய்ந்தன. அந்த நவம்பரில் இந்தியா மந்திரி பெட்டி படுக்கையுடன் கிளம்பினார், கான்ஸ்டான்டிநோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்கு. துருக்கி சுல்தானின் கிறிஸ்தவக் குடிகளைக் காப்பது எப்படி என்று பேச வல்லரசுகள் கூட்டிய மாநாடு. பாரிஸ், பெர்லின், வியன்னா, ரோம் என்று ஒவ்வொரு தலைநகராக இறங்கி ஏறிப் போனீர்கள். 1877 ஜனவரி 1ஆம் தேதி டில்லியில் வைசிராய் லிட்டன் தர்பார் கூட்டி விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்தபோது நீங்கள் அங்கே பாஸ்பரஸ் நீரிணையின் கரையில் இருந்தீர்கள். மாநாடு தோற்றது. சுல்தான் மசியவில்லை.

அந்த ஜனவரியில்தான் லிட்டன் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். பீகாரில் வாங்கிய திட்டு டெம்பிளுக்கு மறக்கவில்லை. இந்த முறை கையை இறுக்கிக்கொண்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதற்கும் குறைவு. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நேற்று வீட்டுத் தராசில் அந்த அளவுக்கு அரிசியை நிறுத்துப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்து தட்டச்சு செய்கிற எனக்கு மூன்று வேளைக்குச் சரியாக இருக்கும். உச்சிவெயிலில் கல் உடைத்துப் பார்த்ததில்லை. சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்ற வெள்ளைக்கார டாக்டர், இதைத் தின்று உழைத்தால் ஆள் கரைந்து செத்துப்போவான், குறைந்தது ஒன்றரைப் பவுண்டு வேண்டும், பருப்பும் வேண்டும் என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். மார்ச்சில் சென்னை அரசு பாதி தூரம் இறங்கி வந்து ஒன்றேகால் பவுண்டு ஆக்கியது.

ஜூனில் நீங்கள் லிட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். வரைபடப் பேச்சுக்கு நான்கே நாள் கழித்து, 15ஆம் தேதி. நிபுணர்களை நம்பாதே என்பதுதான் வாழ்க்கை சொல்லித்தரும் பெரிய பாடம், டாக்டரை நம்பினால் எதுவுமே உடம்புக்கு ஆகாது, பாதிரியை நம்பினால் எதுவுமே பாவம், சிப்பாயை நம்பினால் எதுவுமே பத்திரமில்லை என்று. இன்று வரை மேற்கோள் காட்டுகிறார்கள். நீங்கள் ராணுவத்தார் கிளப்பும் பீதியை மனத்தில் வைத்துத்தான் எழுதினீர்கள், தெரியும். கார்னிஷின் நினைவுகூட உங்களுக்கு வந்திருக்காது. அதைத்தான் சொல்ல வந்தேன். ரஷ்யா எவ்வளவு தூரம் என்று பார்க்கப் பெரிய வரைபடம் இருந்தது. சேலம் அதே வரைபடத்தில் இருந்தது. ஒரிசாவின் இரண்டு மாதத்தைப் பத்தாண்டு சுமந்த மனிதருக்கு அங்கே விரல் போகவில்லை. லிட்டன் உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவர். நிறுத்து என்று சொல்ல ஒரு தந்தி போதும்.

பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லும் சாவுக் கணக்கு. பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். 1878 ஏப்ரலில் நீங்கள் வெளியுறவு மந்திரியாகி வேறு மேசைக்குப் போனீர்கள். பெர்லின் மாநாடு, பிரிட்டன் கைக்கு வந்த சைப்ரஸ் தீவு, புகழ்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1885க்கும் 1902க்கும் இடையில் மூன்று முறை பிரதமர், மொத்தம் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். பெரும்பாலான நாள் வெளியுறவையும் நீங்களே வைத்துக்கொண்டீர்கள். ஆப்பிரிக்காவை ஐரோப்பா பங்கு போட்டது உங்கள் காலத்தில்தான். வெள்ளைக்காரன் கால்படாத இடங்களில் கோடு போட்டு மலையையும் ஆற்றையும் ஏரியையும் ஒருவருக்கொருவர் தானம் செய்துகொண்டோம், அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் தெரியாது என்று நீங்களே கேலி செய்தீர்கள். கேலி செய்துகொண்டே கோடும் போட்டீர்கள். மந்திரி சபையில் மருமகன்மாரும் மாப்பிள்ளையும் நிறைந்திருந்ததால் 'ஹோட்டல் செசில்' என்று ஊர் சிரித்தது. கடைசியில் நாற்காலியைச் சகோதரி மகன் பால்ஃபரிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். இதில் எங்களுக்கு நீங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை.

1888இல் எடின்பரோவில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட தாதாபாய் நௌரோஜியைக் 'கறுப்பு மனிதர்' என்று சொல்லி, அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு எந்த பிரிட்டிஷ் தொகுதியும் இன்னும் வரவில்லை என்றீர்கள். அவர் உங்களைவிட வெளுப்பு என்று எதிர்க்கட்சியான லிபரல்கள் சிரித்தார்கள். அதுவரை யாரென்று தெரியாத பார்சிக்காரரை நாடு முழுக்கத் தெரிய வைத்தது நீங்கள்தான். 1892இல் ஃபின்ஸ்பரியில் ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய வாக்கு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். அடுத்த தேர்தலில் உங்கள் கட்சியே பவ்நகரி என்ற இன்னொரு பார்சியை நிறுத்தி ஜெயித்தது.

ஹாட்ஃபீல்டைப் பற்றிப் படித்தால் மட்டும் கோபம் இறங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் மின்விளக்கு போட்ட முதல் சில வீடுகளில் ஒன்று. ஓர் இரவு விருந்து முடிந்து எல்லோரும் நீண்ட கூடத்துக்குள் வந்தால், சூடேறிய கம்பி பட்டு உச்சியில் மரவேலைப்பாடு எரிகிறது. வேட்டைக்கு வந்திருந்த இளவட்டங்கள் சோபா மெத்தைகளைக் குறிபார்த்து எறிந்தே தீயை அணைத்தார்கள். டெலிபோன் வந்தபோது அது வேலை செய்கிறதா என்று பார்க்கப் பூனையும் பிடிலும் வரும் குழந்தைப் பாட்டை நீங்கள் சொல்ல, வேறு அறையில் இருந்த விருந்தாளிகள் ஆளில்லாக் குரல் கேட்டுத் திகைத்தார்கள். ஹாட்ஃபீல்டின் மின்கம்பி ஒரு தோட்டக்காரரின் உயிரையும் குடித்தது என்பதை உங்கள் வேடிக்கைக் கதைகளைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கிட்டப்பார்வை உங்களுக்கு. சொந்த மந்திரிகளையே எதிரில் கண்டால் யாரென்று தெரியாது என்பார்கள்.

நான் தினமும் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறுகிறவன். ரயிலைத் தாங்கும் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள் நிற்கின்றன. தண்ணீர் கறுப்பு, மேலே பிளாஸ்டிக். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தத் துண்டு உங்கள் காலத்துப் பஞ்ச நிவாரண வேலை. கூலிக்காக வந்தவர்கள் கூடை கூடையாக மண்ணெடுத்து வெட்டியது, அப்போதைய கவர்னரின் பெயரில் இருக்கிறது. நீளம் ஐந்து மைல். அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் வரைந்த வரைபடத்தில் ஐந்து அங்குலம் வரும். உங்கள் கண்ணுக்கே தெரியும்.

இப்படிக்கு,
திருமயிலை நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவன்